பூனைக்குச் சர்க்கரை நோயா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

உங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொல்லி, மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? அல்லது அப்படி இருக்குமோ என்ற சந்தேகத்தில் இருக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் வீட்டுப் பூனைக்கு இது வந்தபோது ஒவ்வொரு தகவலும் ஒவ்வொரு இடத்திலிருந்து துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பல விஷயங்கள் தேவைப்பட்ட நேரம் கடந்த பிறகே தெரிய வந்தன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் தினமும் இந்த நோயோடு மல்லுக்கட்டப் போவது நீங்கள். 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி, சாப்பாடு, அளவு பார்ப்பது, குறித்து வைப்பது எல்லாம் வீட்டில்தான் நடக்கும். கீழே வரும் எண்கள் டாக்டர் பேசுவது உங்களுக்குப் புரிவதற்காக. அவற்றை வைத்து நீங்களே டோஸ் போட்டுக்கொள்ளாதீர்கள்.

1. சந்தேகம் வந்தால் முதலில் தண்ணீரை அளங்கள்

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறது. மண் பெட்டியில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகின்றன. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். சில பூனைகள் பின்னங்கால் விரல்களை மட்டும் ஊன்றாமல், கணுக்கால் வரை தரையில் படிய நடக்கும். உயரத்தில் தாவத் தயங்கும். அது மூப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் இப்படித்தான் நடக்கும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகவும் செய்யும்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 4 கிலோ பூனை 200 மில்லியைத் தாண்டினால், அது அதிகம். ஈர உணவு சாப்பிடும் பூனைக்கு உணவிலிருந்தே நிறைய நீர் கிடைத்துவிடுவதால், அதைவிடக் குறைவாகக் குடித்தாலும் கவனிக்க வேண்டியதுதான். சிறுநீரகக் கோளாறிலும் தைராய்டு கோளாறிலும் இதே அறிகுறிகள் வரும். அதனால் ‘சர்க்கரைதான்’ என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள்.

அளவோடு சேர்த்து இன்னொன்றும் எழுதி எடுத்துப் போங்கள்: கடந்த சில மாதங்களில் பூனைக்குக் கொடுத்த எல்லா மருந்துகளும். தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ போட்ட ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையைக் கிளப்பிவிடும். டாக்டருக்கு இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2. பரிசோதனை: ஒரே ஒரு எண்ணை நம்பாதீர்கள்

பூனைகளுக்கு ஒரு குணம் உண்டு. கூடையில் அடைத்து, காரில் ஏற்றி, நாய் குரைக்கும் காத்திருப்பு அறையில் உட்கார வைத்தால், பயத்திலேயே ரத்தச் சர்க்கரை 300 மி.கி.யைத் தாண்டிவிடலாம். நோயே இல்லாத பூனைக்கும் இப்படி நடக்கும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து ஆயுளுக்கும் ஊசி என்று யாராவது சொன்னால், இரண்டு பரிசோதனைகளைக் கேளுங்கள்.

முதலாவது ஃப்ரக்டோசமின். ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், கடந்த ஒன்றிலிருந்து மூன்று வாரங்களின் சராசரியை இது காட்டும். அன்றைய பயம் இதைப் பெரிதாக மாற்றாது. இரண்டாவது சிறுநீர்ப் பரிசோதனை. பூனைக்கு ரத்தச் சர்க்கரை சுமார் 270ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதோடு கீட்டோன் (சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவார்கள். இருந்தால் அது அவசர நிலை. கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

சிறுநீரகம், தைராய்டு, கணையம், பல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றையும் அதே ரத்தத்திலும் அதே நாளிலும் பார்த்துவிடுவது நல்லது. சொத்தைப் பல்லோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இதைத் தள்ளிப்போட்டால் பிறகு இரண்டு மாதம் டோஸை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பல்லைப் பார்க்க வேண்டி வரும். மொத்தமாகச் செய்வது அன்று செலவாகத் தெரிந்தாலும் கடைசிக் கணக்கில் குறைவு.

எல்லா முடிவுகளின் நகலையும் கையோடு வாங்கிவிடுங்கள். இரவில் வேறொரு மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் அதுதான் உதவும்.

3. ஊசியா, வாயில் கொடுக்கும் மருந்தா?

பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின்தான். கிளார்ஜின், பி.இசட்.ஐ. எனப்படும் ப்ரோட்டமின் ஜிங்க், பன்றி இன்சுலினான லெண்டே வகை ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் கிளார்ஜின் மனிதர்களுக்கான மருந்து. மற்ற இரண்டும் விலங்குகளுக்கென்றே வருகின்றன. பூனை உடம்பில் இன்சுலின் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் எந்த வகையானாலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை போடுவதுதான் வழக்கம். மனிதர்களுக்கு நாளைக்கு ஒரு முறை போடும் மருந்துதானே என்று ஒரு வேளையைக் குறைத்துவிடாதீர்கள்.

ஊசி இல்லாத வழியும் இப்போது உண்டு. பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி தந்தன. நாளைக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மற்றபடி ஆரோக்கியமாக, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, இதற்கு முன் இன்சுலின் போடாத பூனைக்குத்தான் இவை பொருந்தும். ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனையை இதற்கு மாற்றுவது ஆபத்து. இன்னொரு பொறியும் உண்டு. இந்த மருந்தில் இருக்கும்போது ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும், ஆனால் உள்ளே கீட்டோன் ஏறிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை அளக்கும் மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியாது. முதல் சில வாரங்கள் கீட்டோனை அடிக்கடி பார்க்க முடியும், சாப்பிடாவிட்டால் அன்றே ஓட முடியும் என்பவர்கள் மட்டும் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

4. வாங்க வேண்டியவை, செலவு

ஒரே முறை வாங்குபவை: குளுக்கோமீட்டர், கிராம் காட்டும் எடைக்கருவி, ஒரு நோட்டு. குழந்தைகளுக்கான எடைக்கருவி நன்றாக உதவும். 5 கிலோ பூனை 250 கிராம் இளைத்தால் அது உடம்பில் இருபதில் ஒரு பங்கு; பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் தராசில் ஏறி நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

திரும்பத் திரும்ப வருபவை: இன்சுலின், சிரிஞ்ச், மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப், ஈர உணவு, டாக்டர் கட்டணம். முதல் மூன்று மாதங்கள்தான் கை கடிக்கும். அளவு நிலைப்பட்ட பிறகு டாக்டரைப் பார்ப்பது மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையாகக் குறைந்துவிடும்.

இன்சுலின் வாங்கும்போது புட்டியின் அளவைக் கணக்குப் போடுங்கள். 10 மில்லி கிளார்ஜின் புட்டியில் 1000 யூனிட் இருக்கும். உங்கள் பூனைக்கு வேளைக்கு 2 யூனிட், நாளைக்கு 4 யூனிட் என்றால் அது 250 நாளுக்கு வரும். ஆனால் திறந்த புட்டி அவ்வளவு நாள் தாங்காது. மிச்சத்தைத் தூக்கித்தான் போட வேண்டும். 3 மில்லி கார்ட்ரிட்ஜில் 300 யூனிட், அதாவது 75 நாள். மில்லிக்கு விலை கூடத் தெரிந்தாலும் வீணாவது குறைவு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுக்கலாமா, கார்ட்ரிட்ஜைப் பொருத்தி ஊசி போடும் இன்சுலின் பேனாவையே பயன்படுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பல பேனாக்களில் அரை யூனிட் வைக்க முடியாது. பூனைக்கு அந்த அரை யூனிட் முக்கியம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒரு முறை போட்ட சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்துவது ஒன்று: முனை மழுங்கிவிடும், பூனைக்கு வலிக்கும், அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஒளியும். இன்னொன்று ஸ்ட்ரிப். அதைக் குறைத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு இன்சுலின் போடுவதாகத்தான் அர்த்தம்.

மிச்சம் பிடிக்கக்கூடிய இடமும் உண்டு. சர்க்கரைப் பூனைக்கென்று விற்கும் மருத்துவ உணவுதான் வேண்டும் என்றில்லை. மாவுச்சத்து குறைந்த சாதாரண ஈர உணவும் வேலை செய்யும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

காப்பீடு வைத்திருந்தால், நோய் உறுதியாகும் முன்பே எடுத்ததா என்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். இருந்தால் ‘தொடர் சிகிச்சை’, ‘மருத்துவ உணவு’ என்ற இரண்டு வரிகளையும் தேடிப் படியுங்கள்.

5. சிரிஞ்ச்: எல்லோரும் இடறும் இடம்

விலங்குகளுக்கான பி.இசட்.ஐ., லெண்டே போன்றவை யூ-40. ஒரு மில்லியில் 40 யூனிட். சாதாரண கிளார்ஜின் யூ-100. ஒரு மில்லியில் 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. கடையில் சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது என்று கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள்.

யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 2 யூனிட் இல்லை, 5 யூனிட். பூனையைக் கொல்லக்கூடிய அளவு இது. மறுபக்கம், யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்சில் 2 வரை எடுத்தால் போவது 0.8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இல்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவீர்கள். மூடியின் நிறத்தை நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் புட்டியின் மேல் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் இதைச் செய்யுங்கள். யூ-100 வகையில் 0.3 மில்லி அளவில், அரை யூனிட் கோடுகளோடு வரும் சிரிஞ்ச்தான் பூனைக்கு வசதி.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்ததை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆடும், சூடு ஏறும். நடுத்தட்டில் ஒரு சின்ன டப்பாவுக்குள் வையுங்கள். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும், அதைக் குலுக்கவும் வேறெதோடும் கலக்கவும் கூடாது. கலங்கினால் தூக்கிப் போடுங்கள். பி.இசட்.ஐ. பால்போல்தான் இருக்கும், எடுக்கும் முன் மெதுவாக உருட்ட வேண்டும். லெண்டே வகைக்கு அந்தந்தக் காகிதத்தில் சொன்னபடி. திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதிவிடுங்கள். திறந்த புட்டியை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தொடக்கத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. முதல் ஊசிக்கு முன்பே: சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது?

இதைப் பிறகு படிக்கலாம் என்று தாண்டாதீர்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் உடம்பை அரிக்க வாரங்கள் ஆகும். குறைந்துபோனால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். ஊசி தொடங்கும் நாளுக்கு முன்பே தேனோ குளுக்கோஸ் சிரப்போ வீட்டில் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண் ஒட்டியிருக்க வேண்டும்.

60 மி.கி.க்குக் கீழே போனால் அபாயம். அறிகுறிகள்: திடீர்ப் பசி, தள்ளாட்டம், வெறித்த பார்வை, கூப்பிட்டால் திரும்பாமை, உதறல், கடைசியில் வலிப்பு. சில பூனைகள் ஒன்றுமே காட்டாமல் அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பூனை தானாகச் சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு வையுங்கள், அதன் மேல் கொஞ்சம் தேன். தள்ளாடுகிறது, சாப்பிடவில்லை என்றால் தேனை விரலில் எடுத்து ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள். கடித்துவிடும், அதற்கே தெரியாது. உதட்டை விலக்கி ஈறின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்த பிறகு உணவு கொடுத்து, அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தேன் கொடுக்கும் உயிர் கொஞ்ச நேரத்துக்குத்தான்; இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். டாக்டரைக் கேட்காமல் அடுத்த ஊசியைப் போடாதீர்கள்.

7. சாப்பாடு

பூனை ஊன் உண்ணும் பிராணி. மாவுச்சத்தை அதன் உடம்பு சரியாகச் சமாளிக்காது. உலர் உணவுத் துண்டுகளுக்கு வடிவம் கொடுக்கவே மாவுச்சத்து தேவைப்படும். அதனால் பெரும்பாலான ஈர உணவுகளில் அது குறைவு, உலர் உணவில் அதிகம். சில பூனைகளுக்கு உணவை மாற்றினாலே இன்சுலின் தேவை பாதியாகிவிடும்.

பாக்கெட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட மாட்டார்கள். நீங்களே கணக்குப் போடலாம். புரதம், கொழுப்பு, நீர், சாம்பல், நார் எல்லாவற்றையும் கூட்டி 100இலிருந்து கழியுங்கள், மிச்சம் மாவுச்சத்து. ஓர் ஈர உணவில் புரதம் 11, கொழுப்பு 6, நீர் 78, சாம்பல் 2, நார் 0.5 என்றால் மாவுச்சத்து 2.5. ஆனால் இதை அப்படியே இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது, நீரின் அளவு மாறும். கலோரியாக்க வேண்டும். புரதத்தையும் மாவையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள். 38.5, 8.75, 51, மொத்தம் 98.25. அதில் மாவு 8.75, அதாவது சுமார் 9 சதவீதம். நல்ல உணவு. இதே கணக்கை ஓர் உலர் உணவுக்குப் போடுங்கள்: புரதம் 32, கொழுப்பு 12, நீர் 8, சாம்பல் 8, நார் 4. மாவு 36, கலோரியில் 37 சதவீதம். 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைத் தேடுங்கள். சாஸ், கிரேவி என்று போட்டிருந்தால் ஈர உணவானாலும் சந்தேகப்படுங்கள். கெட்டியாக்க மாவு போட்டிருப்பார்கள்.

இங்கே பெரிய பொறி ஒன்று. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு, ஒரு நல்ல நாளில் உலர் உணவை நிறுத்தி ஈர உணவு வைத்தால், சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். உணவு மாறினால் டோஸும் குறைய வேண்டும். டாக்டருக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் அளவு பார்த்துக்கொண்டே, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். முடிந்தால் உணவை முதலில் மாற்றிவிட்டு டோஸைத் தீர்மானிப்பதே வசதி.

குண்டான பூனையைப் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு உடம்பு எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். ஆனால் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவாருங்கள், எடைக் குறைப்பு அப்புறம்.

8. ஊசி போடுவது

பயப்பட வேண்டிய அளவுக்கு ஒன்றும் இல்லை. இன்சுலின் ஊசி மிக மெல்லியது. பல பூனைகள் சாப்பாட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காது.

நான் செய்யும் முறை இது. இன்சுலினை முதலிலேயே எடுத்து, சிரிஞ்சை நகத்தால் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றிவிடுவேன். யூ-100 இன்சுலினில் 1 யூனிட் என்பது 0.01 மில்லி, ஒரு சின்னக் குமிழியே கால் டோஸை விழுங்கிவிடும். பிறகு கிண்ணத்தை வைத்து, பூனை நாலு வாய் சாப்பிடும் வரை காத்திருப்பேன். சாப்பிடும் என்று தெரிந்த பிறகுதான் ஊசி. விலாப் பக்கம் தோலை இரண்டு விரலால் தூக்கினால் அடியில் சின்னக் கூடாரம் போல் இடம் வரும். முடியை விலக்கி, அந்த இடத்துக்குள், உடம்புக்கு இணையாக ஊசியை விட வேண்டும். மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் விரலில் ஈரம் தெரியும், இன்சுலினுக்கே உரிய மருந்து வாடையும் அடிக்கும். பிடரியைவிட விலாவும் வயிற்றோரமும் நல்லது என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இடது, வலது என்று மாற்றுங்கள்.

மருந்து முடியில் போய்விட்டதோ என்று சந்தேகமா? இன்னொரு முறை போடாதீர்கள். உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வேளை குறைந்தால் ஒன்றும் ஆகாது, இரட்டிப்பானால் ஆகிவிடும். ‘நீ போட்டாயா, நான் போட்டேனா’ என்ற குழப்பத்துக்கும் இதே பதில்தான். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடுவதாக இருந்தால், போட்ட கையோடு நோட்டில் ‘டிக்’ அடிக்காமல் யாரும் நகரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஓரிரு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. அதற்கும் மேல் போய்விட்டால் டாக்டரைக் கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான அளவில் போடுங்கள். பூனை சாப்பிடவே இல்லை, வாந்தி எடுத்தது என்றால் முழு டோஸைப் போடாதீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

போட்ட ஊசிகளைக் குப்பையில் அப்படியே போடக் கூடாது. கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள்.

9. வீட்டில் அளவு பார்ப்பது

இதுதான் உங்கள் வாழ்க்கையை எளிதாக்கப் போகும் ஒரே திறமை. வீட்டில் பார்த்தால் பயத்தால் ஏறும் கணக்கு பெரும்பாலும் வராது, மருத்துவமனையில் நாள் முழுக்க வைத்து அளப்பதற்கான கட்டணமும் மிச்சம்.

காதின் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய நரம்பு ஓடும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். முதலில் வெதுவெதுப்பான துணியால் காதை அரை நிமிடம் சூடாக்குங்கள். சில்லிட்ட காதில் ரத்தம் வராது, நீங்கள் குத்திக்கொண்டே இருப்பீர்கள். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்து, நரம்பின் மேலேயே அல்ல, அதற்கும் காது ஓரத்துக்கும் நடுவில் குத்துங்கள். ஒரு கடுகளவு துளி போதும். ஸ்ட்ரிப்பைத் துளியில் தொடுங்கள், அதுவே இழுத்துக்கொள்ளும். பிறகு பஞ்சால் பத்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, உடனே ஒரு துண்டு இறைச்சி. இரண்டு வாரத்தில் மீட்டர் சத்தம் கேட்டு அதுவே வந்து உட்காரும்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். விலங்குகளுக்கான மீட்டரில் ‘பூனை’ என்று அமைத்திருக்கிறதா என்று பாருங்கள்; நாய் என்று இருந்தால் எண் தவறிவிடும். எதை வாங்கினாலும் கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள், எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும்.

தோலில் ஒட்டும் சென்சாரும் உண்டு. மனிதர்களுக்கான 14 நாள் சென்சாரைப் பல மருத்துவமனைகளில் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். பூனையின் தோலில் அது பல சமயம் அத்தனை நாள் நிற்காது, முதல் நாள் எண்களை அவ்வளவு நம்ப முடியாது. குத்தவே விடாத பூனைக்கு நல்ல வழி.

முழு நாள் அளவீடு என்று டாக்டர் கேட்டால், காலை ஊசிக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என 12 மணி நேரம் பார்க்க வேண்டும். கிளார்ஜினுக்கு மூன்று நான்கு மணி நேர இடைவெளியே போதும் என்பார்கள். முக்கியமான எண், அந்த நாளில் மிகக் கீழே இறங்கியது எது என்பதுதான். அது 80 முதல் 150க்குள் இருந்தால் நல்லது. 80க்குக் கீழே என்றால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டருக்குத் தகவல் போக வேண்டும்.

10. டோஸ் ஏற்றுவதில் அவசரம் வேண்டாம்

தொடக்க டோஸ் பெரும்பாலும் வேளைக்கு 1 யூனிட்டைச் சுற்றித்தான் இருக்கும். நான்காம் நாள் பார்த்தும் சர்க்கரை 350இல் நிற்கும். மனது பதறும். பதறாதீர்கள். உடம்பு ஒரு டோஸுக்குப் பழகவே ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் ஏற்றினால், பழைய டோஸின் விளைவும் புதியதின் விளைவும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நாள் இறங்கும். மாற்றம் ஒவ்வொரு முறையும் அரை யூனிட், அதிகம் போனால் ஒரு யூனிட். குறைப்பதற்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்.

எண்களை மட்டும் பார்க்காமல் பூனையைப் பாருங்கள். தண்ணீர் குறைந்திருக்கிறதா, எடை நிற்கிறதா, மறுபடியும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்து, மீட்டர் எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கவலை குறைவு.

கிலோவுக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் வரை போயும் கட்டுப்படவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது. பல், சிறுநீர், கணையம் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் அக்ரோமெகலி என்ற வளர்ச்சி ஹார்மோன் கோளாறுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதை இன்சுலின் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டும். முன்பே செய்தால் முடிவு தவறாகக் குறைவாக வரலாம்.

11. தாமதிக்கவே கூடாத நாள்

பூனை சாப்பிடவில்லை, வாந்தி, சோர்ந்து சுருண்டு படுத்திருக்கிறது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடிக்கிறது. இது கீட்டோன் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப்பை வீட்டில் வைத்திருங்கள், விலை அதிகமில்லை. பூனை சிறுநீர் கழிக்கும்போது நீளமான கரண்டியை நீட்டிப் பிடித்தால் போதும். நிறம் மாறினால், பூனை பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே டாக்டருக்கு ஃபோன். நிறம் மாறி, சாப்பிடவும் இல்லை என்றால் ஃபோனுக்கும் நேரம் இல்லை, கிளம்புங்கள். பல நாள் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டி வரும். இந்த நோயில் பெரிய செலவு என்பது இதுதான். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

12. காகிதங்களும் வெளியூரும்

ஒரு கோப்பு போடுங்கள். முதல் பக்கத்தில் பூனையின் எடை, இன்சுலின் பெயர், யூ-40ஆ யூ-100ஆ, இப்போதைய டோஸ், கடைசியாக மாற்றிய தேதி. அடுத்து பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டின் நகல், தினக் குறிப்பு. மருந்துச் சீட்டுக்குக் காலாவதி உண்டு. புட்டி தீரும் நாளில் அதைக் கண்டுபிடிக்காமல், இரண்டு வாரம் முன்பே புதுப்பியுங்கள்.

விமானத்தில் போவதாக இருந்தால் இன்சுலினும் சிரிஞ்சும் கைப்பையில் வர வேண்டும். சரக்கில் போட்டால் உறைந்துபோகலாம். டாக்டரின் கடிதமும் பெயர் ஒட்டிய மருந்துப் பெட்டியும் கையில் இருக்கட்டும். குளிர்ப்பையில் வைக்கும்போது பனிக்கட்டிப் பையை இன்சுலின் நேரடியாகத் தொடாமல் துணியில் சுற்றுங்கள்.

யாரிடமாவது விட்டுப் போவதென்றால் வாயால் சொன்னது போதாது. அவர்கள் உங்கள் கண்ணெதிரே இரண்டு முறையாவது ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிடாவிட்டால் என்ன செய்வது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது, செலவு எந்த அளவு வரை உங்களைக் கேட்காமலே ஆகலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. இரவு 2 மணிக்கு நீங்கள் ஃபோனை எடுக்காவிட்டால் மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

13. ஊசியே தேவைப்படாமல் போனால்

பூனைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. நோய் தெரிந்த முதல் ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்துவிட்டால், கணையம் மீண்டு, இன்சுலின் இல்லாமலேயே இருக்கக்கூடிய நிலை சில பூனைகளுக்கு வரும். டோஸ் குறைந்துகொண்டே வந்து, அரை யூனிட்டிலும் எண்கள் 100ஐச் சுற்றியே நிற்கும். அப்போது டாக்டர் சொல்லி நிறுத்துவார். நான்கு வாரம் ஊசி இல்லாமல் சர்க்கரை சரியாக இருந்தால்தான் நோய் அடங்கியது என்று கணக்கு.

அதற்காக மீட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்த உணவு ஆயுளுக்கும் தொடர வேண்டும். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை காதில் குத்திப் பாருங்கள், எடையைப் போடுங்கள். நோய் திரும்ப வருவது சகஜம். அப்படி வந்தால், தண்ணீர்க் கிண்ணம் காட்டிக்கொடுக்கும் முன்பே எண் காட்டிக்கொடுத்துவிடும். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது, வேறு வழியில்லை என்றால் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.